அமெரிக்க அரசுக்கு விற்க: கார்டா, விலைப்புள்ளியா, ஜிஎஸ்ஏ ஒப்பந்தமா?

அமெரிக்க மத்திய அரசுக்குப் பொருள் விற்கச் சிறு வியாபாரிக்கு மூன்று வழிகள் உண்டு. அலுவலரிடம் உள்ள அரசு கிரெடிட் கார்டில் நேரடியாக விற்கலாம், விலைப்புள்ளி கொடுத்துப் போட்டியிடலாம், அரசின் கொள்முதல் அமைப்பான ஜிஎஸ்ஏ தரும் ஷெட்யூல் என்ற நீண்டகால ஒப்பந்தம் எடுக்கலாம். புதிதாக வருபவர் கார்டில்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஸ்மார்ட்பே என்ற அரசு கார்டு திட்டத்தில் சிட்டிபேங்க், யு.எஸ். பேங்க் இரண்டும் அரசு அலுவலர்களுக்கு கார்டு தருகின்றன. ஒரு முறை பொருள் வாங்குவதற்கான வரம்பு 10,000 டாலராக இருந்து 2025 அக்டோபர் 1 முதல் 15,000 ஆகியிருக்கிறது. விலை நியாயம் என்று வாங்குபவருக்குத் தோன்றினால் போதும், நாலு கடையில் விலை கேட்க வேண்டியதில்லை. கார்டிலேயே வாங்கி கார்டிலேயே பணம் கட்டினால் சாம் என்ற அரசின் விற்பனையாளர் பதிவுத் தளத்தில் விற்பவர் பதிவது கட்டாயமில்லை. ஆனால் துப்புரவு, காவல் போன்ற சேவைகளுக்கு வரம்பு 2,500 டாலர்தான், கட்டுமானத்துக்கு 2,000. சுவருக்குப் பெயின்ட் அடிப்பதும் கட்டுமானக் கணக்கில்தான் வரும்.

சிக்கல் வருவது பில்லில். பொருள் 14,900 டாலர், லாரி வாடகை 180 என்றால் மொத்தம் 15,080. வரம்பு தாண்டிவிட்டது. வாடகையையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். 22,000 டாலர் தேவையை இரண்டு பில்லாக உடைத்துத் தருகிறேன் என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். அது விதிமீறல், வாங்கியவரின் கார்டு பறிபோகும். அனுப்பும் முன் கார்டில் பணம் எடுக்காதீர்கள். ‘பலசரக்கு’ என்று ஒரே வரியில் பில் போடாமல் பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை என்று பிரித்து எழுதுங்கள், மாதக்கடைசியில் மேலதிகாரி அதைப் பார்த்துத்தான் ஒப்புதல் தருவார். கார்டு காரணமின்றி மறுக்கப்பட்டால் உங்கள் வங்கி கொடுத்த வணிக வகைக் குறியீட்டைச் சரிபாருங்கள். நகைக்கடை வகையில் பதிவாகியிருந்தால் நாற்காலி விற்றாலும் பணம் ஏறாமல் போகலாம்.

இன்னொன்று, சில சீன நிறுவனங்களின் தொலைத்தொடர்பு, கண்காணிப்புக் கருவிகளைத் தடை செய்யும் சட்டத்தின் 889ஆம் பிரிவு. ஹுவாவே, இசட்.டி.இ, ஹிக்விஷன், டாஹுவா, ஹைடெரா கருவிகள் சார்ந்த இந்தத் தடை சில்லறை வாங்கலுக்கும் பொருந்தும். உங்களிடம் அவை இல்லை என்ற உறுதிமொழியை வாங்குபவர் கேட்பார். சாமில் பதிந்திருந்தால் அங்கேயே பார்த்துக்கொள்வார். கட்டாயமில்லை என்றாலும் பதிவது நல்லது என்பது இதனால்தான். பதிவு இலவசம், காசு கேட்டு வரும் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள்.

விலைப்புள்ளி வழி 15,000 டாலருக்கு மேல். 3,50,000 வரையிலான வாங்கல்கள் பொதுவாகச் சிறு நிறுவனங்களுக்கே ஒதுக்கப்படுகின்றன. கார்டு வாங்கலில் அந்த ஒதுக்கீடு கிடையாது, பெரிய கடையோடு நேருக்கு நேர் மோத வேண்டும். ஆனால் விலைப்புள்ளி வழியில் பணம் வர, சரியான பில் கொடுத்து 30 நாள் ஆகலாம். கார்டில் சில நாளில் வந்துவிடும், கமிஷன் கழித்து: 2.7 சதவீதம் என்றால் 12,000 டாலர் விற்பனையில் 324 டாலர் போகும்.

ஷெட்யூலில் அரசு எடுப்பது 0.75 சதவீதம், அதே விற்பனைக்கு 90 டாலர்தான். ஆனாலும் விண்ணப்ப வேலை மாதக்கணக்கில் இழுக்கும், விற்பனை குறைந்தால் ஒப்பந்தமே போகலாம். வாங்குபவர்கள் ஏற்கெனவே கேட்டு வரும்போது எடுத்தால் போதும்.

இந்தியாவில் செய்த பொருளை இறக்குமதி செய்து விற்பவர்களுக்குக் கணக்கே வேறு. அமெரிக்க வர்த்தக ஒப்பந்தச் சட்டம் ஏற்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை, எனவே அந்தப் பொருளை ஷெட்யூலில் ஏற்ற முடியாது. விலைப்புள்ளியில் அமெரிக்கப் பொருளுக்கு முன்னுரிமை. வரம்புக்குள்ளான கார்டு வாங்கலில், அந்த முன்னுரிமையைத் தரும் ‘பை அமெரிக்கன்’ சட்டம் பொருந்தாது. கோயம்புத்தூர் பம்ப் விற்பவருக்குத் திறந்திருக்கும் கதவு அதுதான்.

கார்டை மட்டுமே நம்பவும் கூடாது. 2025 பிப்ரவரியில் அதிபர் ஆணையால் பெரும்பாலான கார்டுகள் 30 நாள் முடக்கப்பட்டன.

நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது, மிச்சப் பணம் கடைசி வாரங்களில்தான் செலவாகும். ஆகஸ்ட் பாதியிலேயே ஒரு பக்க விலைப்பட்டியல் அலுவலகங்களுக்குப் போய்ச் சேரட்டும்: வாடகை சேர்ந்த விலை, எத்தனை நாளில் வரும், கார்டு ஏற்கப்படும், 889 உறுதிமொழி.