பழைய ஹார்ட் டிஸ்க்கை உள்ளே மாட்டுவதா, காப்பி எடுப்பதா, குளோன் செய்வதா?

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டிடிபி கடை பழைய டெஸ்க்டாப்பை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7, கணக்கு எழுத டாலி, பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர், வருஷக்கணக்கில் சேர்ந்த பத்திரிகை டிசைன்கள். டிஸ்க்கைப் புது மெஷினுக்குள் மாட்டுவது, ஃபைல்களை மட்டும் காப்பி எடுப்பது, விண்டோஸோடு முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுப்பது (குளோன்) என்ற மூன்று வழிகளில் எது சரி என்பதை முதலில் டிஸ்க்கின் உடம்புதான் சொல்ல வேண்டும்.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள்), சி5 (படிக்கத் திணறும் செக்டார்கள்) வரிகளைப் பாருங்கள்; செக்டார் என்பது டிஸ்க்கில் டேட்டா பதியும் சிறு பகுதி. இரண்டும் பூஜ்யம் என்றால் நிம்மதி. சி5 ஏறிக்கொண்டே போனால் குளோன் பேச்சை விடுங்கள். சாதாரண குளோன் மென்பொருள் கெட்ட செக்டாரில் முட்டி நின்றுவிடும். தேவையான ஃபோல்டர்களை மட்டும் உடனே எடுங்கள். சி7 (டேட்டா போய்வரும்போது நேரும் பிழைகள்) மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் கேபிளில் அல்லது கனெக்டரில். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் பின்கள் கறுத்துப்போவதால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் புதிதாகப் போட்டுப் பார்த்த பிறகே டிஸ்க்கைக் குறை சொல்லுங்கள். பழைய எண் குறையாது, மேற்கொண்டு ஏறாமல் நின்றாலே போதும். (2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது நடந்தது போல வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து நனைந்த டிஸ்க் என்றால், அதற்கு கரண்ட் கொடுக்கவே கூடாது.)

உள்ளே மாட்டுவதில் செலவு மிகக் குறைவு. டெஸ்க்டாப்பில் 7 பின் டேட்டா கேபிளும் 15 பின் பவரும் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) நிரம்பினால் ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும். அடுத்த போர்ட்டுக்கு மாற்றுங்கள். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபைல்கள் பழையதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அப்படி ஆனால், பழையதைக் கழற்றும் நாளில் புது மெஷின் எழுந்திருக்காது.

யுஎஸ்பி வழியாகக் காப்பி எடுப்பதுதான் பெரும்பாலோருக்கு ஏற்றது. லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் மட்டும் போதும், தனி பவர் வேண்டாம். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கன்வர்ட்டரே வேண்டும்; அது இல்லாவிட்டால் டிஸ்க் சுற்றாது, ஆள் பயந்துபோவார். 400 ஜிபிக்கு யுஎஸ்பி 2.0-வில் மூன்றரை மணி நேரம், நீல நிற 3.0 போர்ட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுவதைவிட, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை மேல். ஆனால் அதன் இயல்பு அமைப்பு, ஒரு ஃபைல் படிக்கவில்லை என்றால் 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயல்வது. கட்டளையில் முயற்சி எண்ணிக்கையைச் சொல்லும் ஆர், இடைவெளியைச் சொல்லும் டபிள்யூ இரண்டையும் 1 ஆக்குங்கள் (/R:1 /W:1). வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்புகளைத் தவிர்க்கும் எக்ஸ்ஜே-யையும் (/XJ) சேர்க்காவிட்டால் அப்ளிகேஷன் டேட்டா ஃபோல்டர் தனக்குள் தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வழியில் விட்டுப்போவது டாக்குமென்ட்ஸுக்கு வெளியே இருப்பவைதான். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுக்காமல் விட்டால் பாமினி, வானவில் ஆகிய பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பத்திரிகைகள் புது மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் திறக்கும். டாலியின் டேட்டா ஃபோல்டரும் அப்படியே, வேறு டிரைவில் இருக்கலாம். டாலி லைசென்ஸைப் பழைய மெஷின் ஓடும்போதே சரண்டர் செய்துவிடுங்கள், அதாவது அந்த மெஷினிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

குளோன் பார்க்க கவர்ச்சியாக இருக்கும்: அதே திரை, அதே மென்பொருள், மறுபடி இன்ஸ்டால் செய்யும் தொல்லை இல்லை. க்ளோன்ஜில்லா என்ற குளோன் மென்பொருள் இலவசம், நகல் போய்ச் சேரும் டிஸ்க் பழையதன் அளவிலோ பெரியதாகவோ இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கடைக்கு அது ஒத்துவராது. விண்டோஸ் 7-இல் புது வேக எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ டிரைவரும் யுஎஸ்பி 3.0 டிரைவரும் பிறவியிலேயே கிடையாது. யுஎஸ்பி 3.0 மட்டும் உள்ள புது மெஷினில் பூட் ஆனாலும் கீபோர்டு, மவுஸ் அசையாது. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கின் நகல், யுஇஎஃப்ஐ என்ற புது தொடக்க முறை மட்டும் உள்ள மெஷினில் பூட் ஆகாது. விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் மெஷினில், அதுவும் அதே மெஷினில் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றும்போதுதான் குளோன் உண்மையில் பயன்படும். அப்போதும் நகலெடுத்ததும் இரண்டையும் சேர்த்து ஆன் செய்யாதீர்கள். எம்பிஆர் டிஸ்க்குகளுக்கு ஒரே அடையாள எண் வருவதால் இரண்டில் ஒரு டிஸ்க்கை விண்டோஸ் ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

டிடிபி கடைக்குக் காப்பிதான். ஃபைல்கள் வந்து சேர்ந்ததும் பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், டாலியில் போன மாத பேலன்ஸைச் சரிபாருங்கள். அதுவரை பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டாம்.