பெரிய பலகையா, பத்து மடிக்கணினியா?

எங்கள் முன்னாள் மாணவர்கள் சிலர் மும்பையில் கடை வைத்து நிலைத்துவிட்டவர்கள். பள்ளிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தருகிறோம் என்று அழைத்தார்கள். “பெரிய தொடுதிரைப் பலகை ஒன்று வாங்கிவிடுங்கள் சார், பார்ப்பதற்கே பள்ளிக்கூடம் மாறிவிடும்” என்றார்கள். பார்ப்பதற்கு மாறும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நான் திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அரசுப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை என்று வந்துகொண்டிருக்க, எங்கள் முறை இன்னும் வரவில்லை. அதனால் இந்தப் பணத்தைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

தொடுதிரைப் பலகையின் பெருமையை முதலில் ஒத்துக்கொள்கிறேன். பட்டப்பகலிலும் கடைசி பெஞ்சு வரை பளிச்சென்று தெரிகிறது. சுண்ணாம்புத் தூள் இல்லை. கண்ணாலேயே பாடம் கற்க வேண்டிய பிள்ளைகளுக்கு அது ஆடம்பரமே அல்ல. பாளையங்கோட்டையில் உள்ளது போன்ற காது கேளாதோர் பள்ளி கேட்டிருந்தால் மறுபேச்சின்றிப் பலகைக்கே கைதூக்கியிருப்பேன். ஆனால் கொடுக்கும் பணம் முழுவதையும் அது ஒன்றே விழுங்கிவிடும், அதுவும் ஒரே ஓர் அறைக்கு. பழுதானால் அந்த அறையும் போயிற்று. பக்கத்து ஊர்ப் பள்ளியில் அப்படி ஒன்று மெக்கானிக்குக்காகக் காத்திருக்கிறது. அதன்மேல் இப்போது கால அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள்.

புரொஜெக்டர் மலிவு, மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும். ஆனால் ஜன்னலை அடைத்தால்தான் படம் தெரியும். சித்திரை வெயிலில் ஓட்டுக்கட்டடத்தின் ஜன்னலை அடைத்துவிட்டு நாற்பது பிள்ளைகளை உள்ளே உட்காரவைப்பது பாடம் அல்ல, அவியல்.

வீட்டுக் கைப்பேசியை நம்பலாமே என்று ஒரு டீச்சர் சொன்னார். பாடநூலிலேயே க்யூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள், அரசின் மணற்கேணி செயலியில் பாடங்கள் காணொளியாகவே இருக்கின்றன, செலவும் இல்லை. 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது இந்த வழியைப் பார்த்தாயிற்று. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பீடி சுற்றும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். அது அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும். அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். கல்வித் தொலைக்காட்சி அப்போது இதைவிட உருப்படியாக உதவியது. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது.

எஞ்சியது மடிக்கணினி. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழைய மாணவர்களிடம் கேட்டு இரண்டை வாங்கினேன். பேட்டரி செத்துவிட்டது, மின்கம்பியைச் செருகினால் ஓடுகிறது. ஜியோஜீப்ரா என்ற இலவச வடிவியல் மென்பொருளை அதில் ஏற்றினேன். ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையமே வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு அரைவட்டத்தில் அமையும் கோணம். விட்டம் ஏபி, வட்டத்தின் மேல் சி என்று ஒரு புள்ளி. சி-யை எங்கே இழுத்தாலும் ஏசிபி கோணம் 90 டிகிரி காட்ட வேண்டும். இதைத் தொடுதிரையில் நான் செய்து காட்டியிருந்தால் மேல் பாதியில் மட்டும் இழுத்துக் காட்டிவிட்டு, “பார்த்தீர்களா, மாறவில்லை” என்று முடித்திருப்பேன். மடிக்கணினி ஒரு மாணவியின் கையில் இருந்தது. அவள் புள்ளியை விட்டத்தின் முனையைத் தாண்டிக் கீழே இழுத்துவிட்டாள். 90 இருந்த இடத்தில் 270. “சார், கணக்கு தப்பாகிவிட்டது” என்றாள். பக்கத்தில் இருந்தவன் மறுபடி மேலே இழுத்தான், 90. கீழே இழுத்தான், 270. நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே நோட்டில் 360-லிருந்து 90-ஐக் கழித்தாள். மென்பொருள் கோணத்தை ஒரே திசையில்தான் சுற்றி அளக்கிறது, புள்ளி கீழே போனதும் அது வெளிப்பக்கத்துக் கோணத்தை அளந்துவிட்டது என்று அவர்கள் கண்டுபிடிக்கப் பாடவேளை முழுவதும் ஆனது. தேற்றத்தை நிறுவுவது மறுநாளைக்குத் தள்ளிப்போனது. தலைமையாசிரியருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு கணினிக்கு நான்கு பேர் என்றால் ஒருவன் இழுப்பான், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள் என்பது உண்மை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றச் சொல்கிறேன். சண்டை வரத்தான் செய்கிறது.

எந்தப் பொருளை வாங்கினாலும் மின்சாரம் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் எங்களைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் எல்லாம் சுழல்கின்றன. அதே காற்றில் பனைமட்டை ஒன்று கம்பியில் விழுந்தால் எங்கள் பள்ளியில் விளக்கு அணைந்துவிடும். எனவே முதல் செலவு இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும். மீதியில் புதுப்பித்த பழைய மடிக்கணினிகள் ஆறு. பரணிலிருந்து இறங்கிய இரண்டோடு இன்னும் இரண்டு சேர்ந்தால் பத்து.

இதை எழுதி மும்பைக்கு அனுப்பினேன். எல்லாம் சரி சார், பலகை என்றால் உபயம் என்று பெயர் எழுத இடம் இருந்திருக்குமே என்று கேட்டார்கள். இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.