கைமிக்சரும் கனத்த கேக் மாவும்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கிற்காகச் சேலத்தில் வாங்கிய 300 வாட் கைமிக்சர், வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்துப் பொங்கும்வரை அடிப்பதில் குறை வைக்கவில்லை. மலையின் டிசம்பர்க் குளிரில் இறுகிக் கிடக்கும் வெண்ணெயை முன்கூட்டியே அடுப்பங்கரையில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய உலர்திராட்சையும் முந்திரியும் டூட்டி ஃப்ரூட்டியும் சேர்ந்த கலவையில் இறக்கியதும் கம்பிகள் திணறின, காற்றுத்துளை வழியே கருகல் வாடை வந்தது. இதில் என் தவறும் உண்டு: மைதா சேர்ந்தபின் அதிகம் அடித்தால் கேக் இறுகிவிடும் என்பதால், பழங்களைக் கையால்தான் புரட்டிச் சேர்க்க வேண்டும். இருப்பினும், ‘கனமான மாவுக்கும் ஏற்றது’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. மீதியை அம்மா எவர்சில்வர் குண்டானில் மரக்கரண்டியால் கிளறி முடித்தார். மிக்சரை இனி வெண்ணெய்க்கு மட்டுமே எடுப்பேன்.