டிவைஸைக் காணோம் என்று லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றால்: எந்தப் பெயர், எந்த ஆப்ஷன்?

கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் ஒரு கணினி இருக்கிறது. ஐயா பர்மாவில் இருந்தபோது எழுதிய பேரேடுகள், கடிதங்கள், பழைய கல்யாணங்களின் மொய் ஏடுகள், முகப்பில் மாட்டியிருந்த படங்கள் எல்லாவற்றையும் இரண்டு வருஷமாக ஸ்கேன் செய்து அதில் சேர்த்து வருகிறோம். உள்ளே ஒரு எஸ்எஸ்டி, ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், வெளியே பேக்கப்புக்கு ஒரு யூஎஸ்பி டிஸ்க். அந்த யூஎஸ்பி டிஸ்க்கை அண்ணன் சென்னைக்கு எடுத்துப் போயிருந்த வாரத்தில் ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் அப்பச்சி (எங்கள் அப்பா) காரைக்குடியில் இருக்கும் எனக்குப் போன் செய்து, "தம்பி, கறுப்புத் திரையில் சிவப்பாக என்னமோ ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒன்றரை நிமிஷம் என்று போட்டிருக்கிறது, அப்புறம் எமர்ஜென்சி என்கிறது" என்றார். டிஸ்க் எதுவும் கெடவில்லை, ஏடுகளும் பத்திரமாகத்தான் இருந்தன. ஊரில் இல்லாத ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருந்து காத்திருந்து கணினியே நின்றுபோயிருக்கிறது.

இந்த எச்சரிக்கைக்குத் தீர்வு தேடினால் ஒருவர் யூயூஐடிக்கு (ஃபார்மேட் செய்யும்போது கிடைக்கும் தனி அடையாள எண்) மாற்று என்பார், ஒருவர் நோஃபெயில் என்ற ஆப்ஷனைப் போடு என்பார், இன்னொருவர் எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியையே அழி என்பார், வேறொருவர் பூட்டின் ஆரம்பத்தில் நினைவகத்தில் ஏறும் சின்னச் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டு என்பார். எல்லாமே சரியான மருந்துதான், ஆனால் வேறு வேறு நோய்க்கு. டிஸ்க்கை எந்தப் பெயரால் தேடுவது என்பது ஒரு கேள்வி. தேடிக் கிடைக்காவிட்டால் பூட் நிற்கவேண்டுமா, மேலே போகவேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வரியை மாற்றி மாற்றி எழுதியும் எச்சரிக்கை போகமாட்டேன் என்கிறது. சென்னையில் இருக்கிற டிஸ்க்கின் யூயூஐடியை எவ்வளவு சரியாக எழுதினாலும் அது கானாடுகாத்தானில் கிடைக்கப்போவதில்லை.

அந்த ஒன்றரை நிமிஷம் எங்கிருந்து வருகிறது என்றால், எஃப்எஸ்டேப்பில் சும்மா ஒரு வரி எழுதியிருந்தால் அது கட்டாயம் வேண்டிய டிஸ்க் என்று பூட்டை நடத்தும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். அந்த டிவைஸ் தலைகாட்டும் வரை 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் "டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் டிவைஸ்" என்று எழுதிவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும். எந்த வரியால் நின்றது என்று தெரிய "ஜர்னல்சிடிஎல் -பி" காட்டும் பூட் பதிவு போதும். அதில் வரும் பெயரையும் "பிஎல்கேஐடி" காட்டும் டிஸ்க்குகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டிஸ்க் இருந்தும் பெயர் தப்பா, பெயர் சரியாக இருந்தும் டிஸ்க் இல்லையா என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் எந்த வரியிலும் கைவைக்காதீர்கள்.

சரி, முதலில் பெயர்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயரெல்லாம் பந்தியில் உட்கார்ந்த வரிசை மாதிரி. லினக்ஸின் மையமான கர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு முதல் இலை. இன்றைக்கு எஸ்டிபியாக இருந்த ஹார்ட் டிஸ்க், நாளைக்கு யூஎஸ்பி டிஸ்க் முந்திக்கொண்டால் எஸ்டிசி ஆகிவிடும். என்விஎம்இ டிஸ்க் இரண்டு இருந்தால் அவற்றின் எண்களும் மாறி வரலாம். உபுண்டு 2006-ல், 6.10 பதிப்பிலேயே, இந்தப் பெயர்களை விட்டு யூயூஐடிக்குப் போய்விட்டது. எச்டிஏ என்றிருந்த பழைய ஐடிஈ டிஸ்க்குகளெல்லாம் எஸ்டிஏ ஆகிக்கொண்டிருந்த காலம் அது, பெயரை நம்பியிருந்தால் அத்தனை கணினியும் பூட் ஆகாமல் நின்றிருக்கும். ஒரே ஒரு டிஸ்க் உள்ள மெஷினில் பழைய பெயர் இன்றைக்கும் ஓடும், ஆனால் ஒரு பென் டிரைவ் செருகியபடி பூட் செய்தால்கூட வரிசை மாறக்கூடும் என்பதால் எஃப்எஸ்டேப்பில் அதை எழுத எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

லேபிளையும் யூயூஐடியையும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு வழி இருக்கிறது. ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம், அதனால் ஒரே தெருவில் நாலு ராமநாதன் இருப்பார்கள். யாருக்குக் கடிதம் என்று பிரித்துச் சொல்வது பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்தாக வரும் வீட்டு விலாசம்தான். லேபிள் என்பது நாம் வைக்கும் பெயர், யூயூஐடி என்பது விலாசம். ஒரே லேபிள் உள்ள இரண்டு டிஸ்க்கைச் சேர்த்துச் செருகினால் எது மவுண்ட் ஆகும் (கோப்புறையாக இணையும்) என்று சொல்லமுடியாது. ஃபார்மேட் செய்யும்போது எல்லாவற்றுக்கும் "பேக்கப்" என்று பெயர் வைப்பவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள்.

அதற்காக லேபிளைத் தள்ளிவிடவும் கூடாது. யூயூஐடி 36 எழுத்து. அதை அப்பச்சிக்குப் போனில் சொல்லி டைப் செய்யவைக்க முயன்று பார்த்தேன், மூன்று முறை தப்பாகி, கடைசியில் பதினைந்து கிலோமீட்டர் போல வண்டியில் போய் நானே செய்தேன். லேபிள் என்றால் நாலு எழுத்தைச் சொல்லி முடித்திருக்கலாம். டிஸ்க் பழசாகிப் புதுசு வாங்கினாலும், புதிதற்கும் அதே லேபிளை வைத்துவிட்டால் எஃப்எஸ்டேப்பைத் தொடவே வேண்டாம். இரண்டு யூஎஸ்பி டிஸ்க்கை வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிச் செருகுபவர்களுக்கு லேபிளைவிட வசதியானது வேறில்லை.

லேபிளைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் இடம் 16 பைட்தான், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போகிறது, புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. அதனால் "ஏடு" என்பது 9 பைட்டில் அடங்கும், "படம்" 12-ல் அடங்கும், "ஏடுகள்" 18 ஆகிவிடுவதால் அடங்காது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் 12 பைட்தான். நான் யூஎஸ்பி டிஸ்க்குக்கு "ஏடு" என்றே வைத்திருக்கிறேன், டெபியனில் ஒரு தொந்தரவும் இல்லாமல் மவுண்ட் ஆகிறது. ஒரே சங்கடம், எமர்ஜென்சி திரையில் தமிழ் எழுத்து தெரியாது, டைப் செய்யவும் வராது. கணினிக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்குக்குத் தமிழ் லேபிள் வேண்டாம்.

யூயூஐடி ஏமாற்றும் இடங்களும் உண்டு. பார்டிஷனைத் திரும்ப ஃபார்மேட் செய்தால் புது யூயூஐடி வந்துவிடும், எஃப்எஸ்டேப் பழையதையே தேடிக்கொண்டிருக்கும். டிடி கட்டளையால் ஒரு டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தால் விலாசமும் நகலாகி, இரண்டும் ஒன்றே போலத் தெரியும். பழையதைக் கழற்றாமல் பூட் செய்தால் எதில் எழுதுகிறோம் என்றே தெரியாமல் போகும். இஎக்ஸ்டி4 என்றால் நகலை அன்மவுண்ட் செய்து "ட்யூன்2எஃப்எஸ்"ஸில் புது யூயூஐடி கொடுத்துவிடுங்கள். பார்ட்யூயூஐடி என்று ஒன்று இருக்கிறது, அது பார்டிஷன் டேபிளில் இருப்பதால் ஃபார்மேட்டிலும் மாறாது. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்பவர்களுக்கு அதுதான், ஏனென்றால் ரூட் டிஸ்க்குக்கு (சிஸ்டமே இருக்கும் டிஸ்க்) அதைக் கர்னலே நேராகப் புரிந்துகொள்ளும், சாதா யூயூஐடியைப் புரிந்துகொள்ளாது. சீரியல் எண்ணை வைத்து வரும் பை-ஐடி பெயர்கள் உள்ளே பொருத்திய டிஸ்க்குக்கு நல்லவை. யூஎஸ்பி பெட்டியை மாற்றினால் பெயர் மாறிவிடக்கூடும் என்பதால் வெளி டிஸ்க்குக்கு நான் போடமாட்டேன்.

இனி இரண்டாவது கேள்வி. என்னை அதிகம் பாடுபடுத்தியது இதுதான்.

டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகட்டும் என்பதற்கு மூன்று வழி: நோஆட்டோ, நோஃபெயில், ஆட்டோமவுண்ட். நோஆட்டோ போட்டால் பூட்டில் அந்த டிஸ்க்கைத் தொடாது, நாம்தான் கையால் மவுண்ட் செய்யவேண்டும். எனக்கு அது போதும், அப்பச்சிக்குப் போதாது. நோஃபெயில் போட்டால் டிஸ்க் இருந்தால் மவுண்ட் ஆகும், இல்லாவிட்டால் பூட் அதற்காகக் காத்திராமல் மேலே போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நானும் அன்றைக்கு இதைத்தான் போட்டுவிட்டு வந்தேன்.

பதினோரு நாள் கழித்து எஸ்எஸ்டி நிறைந்து லாகின் திரையே வரவில்லை. ராத்திரி ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், யூஎஸ்பி டிஸ்க் இல்லாததால் காலியாகக் கிடந்த மவுண்ட் கோப்புறைக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கோப்புறை இருப்பது எஸ்எஸ்டியில். அப்பச்சியும் தினமும் பேக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். எச்சரிக்கை போய்விட்டது, ஆனால் எச்சரிக்கை எதற்காக வந்ததோ அது அப்படியே இருந்தது. யூஎஸ்பி டிஸ்க் கெட்டே போயிருந்தாலும் நோஃபெயில் ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. ஒரே பிரதியாக இருக்கிற குடும்ப ஏடுகளை இப்படி விட்டுவைப்பது தப்பு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆட்டோமவுண்ட் இங்கேதான் ஜெயிக்கிறது. எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயிலோடு "எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்" சேர்த்தால், பூட்டில் டிஸ்க்கைத் தேடாது, யாராவது அந்தக் கோப்புறையைத் திறக்கும்போதுதான் தேடும். டிஸ்க் இல்லாவிட்டால் காலிக் கோப்புறைக்குள் எழுத விடாமல் பிழை காட்டும், ஸ்கிரிப்ட்டும் நின்றுவிடும். திறக்கும்போது ஒன்றரை நிமிஷம் தொங்காமலிருக்க "எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்" 10 விநாடி என்று வைத்தேன். சில யூஎஸ்பி டிஸ்க்குகள் சுழல ஆரம்பிக்கவே நேரம் எடுக்கும், அதனால் 2, 3 என்று இறங்கவேண்டாம். "ஐடில்-டைம்அவுட்"டும் சேர்த்தால் உபயோகம் இல்லாத நேரத்தில் தானே அன்மவுண்ட் ஆகிவிடும், அண்ணன் மாதிரி சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி.

நோஃபெயில் மட்டும்தான் போடுவேன் என்றால், டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்தக் காலிக் கோப்புறைக்கு "சிஎச்ஏடிடிஆர் +ஐ" போட்டுப் பூட்டிவிடுங்கள், ரூட் பயனராலும் அதில் எழுதமுடியாது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் "மவுண்ட்பாயிண்ட்" கட்டளையால் சோதிப்பதும் நல்லது. நான் ஆட்டோமவுண்ட்டும் போட்டு இந்த இரண்டையும் செய்திருக்கிறேன்.

உள்ளே இருக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் இதில் எதுவும் போடவில்லை. ஏடுகள் இருப்பதே அதில்தான். அது வராத அன்றைக்குக் கணினி நின்று எனக்குப் போன் வரத்தான் வேண்டும்.

நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பின் கதை தனி. காரைக்குடி மெஷினில் அக்கா மகன் இரண்டாவதாக ஒரு லினக்ஸ் போட்டுப் பார்த்தான். அதன் இன்ஸ்டாலர் பொதுவாக இருந்த ஸ்வாப் பார்டிஷனைத் திரும்ப ஃபார்மேட் செய்ததில் யூயூஐடி மாறி, முதல் லினக்ஸில் 90 விநாடிக் காத்திருப்பு வந்துவிட்டது. எஃப்எஸ்டேப்பில் ஸ்வாப் வரியைத் திருத்திய பிறகும், ஆரம்பத்திலேயே "கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்" என்று ஒரு தாமதம் மிச்சம். டெபியன், உபுண்டுவில் பழைய யூயூஐடி இன்னொரு இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும்: இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில், கான்ஃப்.டி-க்குள் இருக்கும் ரெஸ்யூம் கோப்பு. அதைத் திருத்தி, அல்லது ஹைபர்னேட் செய்யாதவர் என்றால் "ரெஸ்யூம்=நன்" என்று எழுதி, "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ" ஓட்டினால்தான் போகும். இன்னொரு வழி, ஸ்வாப்பை நிறுத்திவிட்டு "எம்கேஸ்வாப்"பில் பழைய யூயூஐடியையே திரும்பக் கொடுப்பது. அதில் முதல் லினக்ஸில் ஒரு கோப்பையும் தொடவேண்டாம், ஆனால் இரண்டாவது லினக்ஸ் தேட ஆரம்பித்துவிடும். இரண்டு லினக்ஸும் நிரந்தரமாக இருக்கப்போகிறது என்றால் பார்டிஷனை விட்டு ஆளுக்கு ஒரு ஸ்வாப் கோப்புக்குப் போய்விடுவதே நல்லது, உபுண்டு 17.04-லிருந்து புதிதாக நிறுவினால் அதைத்தான் தானாகச் செய்கிறது.

ரூட் டிஸ்க்கையே காணோம் என்று பிஸிபாக்ஸ் ஷெல் என்ற அவசரக் கட்டளைத் திரையில் விழுந்தால் மேலே சொன்ன ஆப்ஷன் எதுவும் உதவாது. அங்கே "பிஎல்கேஐடி" டிஸ்க்கைக் காட்டுகிறதா என்று பாருங்கள். சற்று நேரம் கழித்துக் காட்டினால் கர்னல் வரியில் "ரூட்-டிலே" என்ற காத்திருப்பு ஆப்ஷனைச் (இடையில் கோடு இல்லாமல்) சேர்க்கலாம், காட்டவே இல்லை என்றால் கேபிள், அல்லது டிரைவர் இல்லாத இனிட்ராம்எஃப்எஸ். காணாத டிவைஸ் கோப்பை "எம்கேநோட்" போட்டு நாமே உருவாக்கலாம் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அது டிவைஸ் கோப்புகள் இருக்கும் டெவ் அடைவு டிஸ்க்கில் நிரந்தரமாக இருந்த காலத்து வைத்தியம். 2009-ல் வந்த 2.6.32 கர்னலிலிருந்து டெவ்டிஎம்பிஎஃப்எஸ் இருக்கிறது, அதில் அந்த அடைவு ஒவ்வொரு பூட்டிலும் நினைவகத்தில் புதிதாக எழும்பும், நாம் உருவாக்கியது அடுத்த பூட்டில் இருக்காது. இருந்தாலும் பின்னால் டிஸ்க் இல்லாத வெறும் பெயர்தான் அது.

எமர்ஜென்சி திரையில் மாட்டியவர்கள் ரூட் பாஸ்வேர்டு கொடுத்து எஃப்எஸ்டேப்பைத் திறந்து, அந்த வரியின் முன் ஒரு ஹேஷ் போட்டு ரீபூட் செய்தால் அப்போதைக்குப் போதும். எழுத விடாவிட்டால் ரூட்டை ரீமவுண்ட் செய்துகொள்ளுங்கள், ரூட் கணக்கே பூட்டியிருந்தால் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து திருத்தலாம். அப்புறம் நிதானமாக வரியைத் திருத்தி, "சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு" கொடுத்து, "ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை" என்ன குறை சொல்கிறது என்று பார்த்து, "மவுண்ட் -ஏ" பிழையில்லாமல் முடிகிறதா என்று பார்த்த பிறகே ரீபூட். அந்த ரீபூட்டை இரண்டு முறை செய்யுங்கள், ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி, ஒருமுறை கழற்றி. நான் டிஸ்க் இல்லாத நிலையில் பேக்கப் எங்கே எழுதுகிறது என்று பார்க்காமல் காரைக்குடி திரும்பியதால்தான் அந்தப் பதினோரு நாளும் போனது.