சிவப்புப் பெயின்ட் அடித்த ஸ்பிரிங்: புது ஸ்விஃப்ட்டை அலாய் கடைக்குக் கொண்டுபோனபோது நடந்தது

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் புது வண்டிக்கு அலாய் வீலும், வண்டியின் உயரத்தைக் குறைக்கிற லோயரிங் ஸ்பிரிங்கும் போட நினைக்கிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். அது அவசரம்.

2024 அக்டோபரில் ஸ்விஃப்ட் எடுத்தேன். கம்பெனியே 15 அங்குல அலாய் போட்டுத் தரும் மேல் மாடல். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் டயருக்கும் அதற்கு மேலே பாடி வளைகிற ஆர்ச்சுக்கும் நடுவில் கை நுழையும் அந்த இடைவெளி முதல் நாளிலிருந்தே கண்ணை உறுத்தியது. சின்ன வயசில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலி ஓரம் நின்று ரேஸ் பார்த்தவன் நான். வண்டி தரையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்ற ஆசை அங்கே பிடித்தது. அந்த ஆசை தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

ஜனவரியில், தெரிந்தவர் ஒருவர் சொன்ன கடைக்குப் போனேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை, வழக்கு நடக்கிறது. நான் கேட்டது 16 அங்குல வீல், 195/55 டயர் (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம்). ஓனர் சிரித்தார். "பதினாறு போட்டா போட்டதே தெரியாது தம்பி. பதினேழு போடுங்க, 205/45. கூடவே நாப்பது எம்.எம். இறக்கிடலாம். ஜெர்மன் ஸ்பிரிங், பாக்ஸ் பீஸ்." கணக்கும் சொன்னார். வீல் 40,000, டயர் 30,000, ஸ்பிரிங் 24,000, மாட்டுகிற கூலியும் அலைன்மென்ட்டும் சேர்த்து 3,500. என் கம்பெனி வீலையும் டயரையும் 15,500க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கையிலிருந்து 82,000 போனது. ஐம்பதாயிரம் ஜிபேயில், மீதி ரொக்கம். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா 28 சதவீதம் கூடுமே தம்பி, எதுக்கு?" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் கடைப் பெயர்கூட இல்லை. நான் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர், 205/45 ஆர்17க்கு 616. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பெரிதாகத் தப்புக் காட்டாது. அவர் சொல்லாமல் விட்டது டயரின் பக்கச் சுவரை. கம்பெனி டயரில் அது 120 மில்லிமீட்டர், இதில் 92. பள்ளத்தில் இறங்கும்போது வீலைக் காப்பாற்றுகிற ரப்பர் அந்த அளவுக்குக் குறைகிறது. ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163. அதில் நாற்பதை இறக்கினால் ஆளில்லாமலே 123. விதிப்படி கட்டுகிற வேகத்தடையே பத்து சென்டிமீட்டர் உயரம். நம் ஊர்த் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் மேடுகள் எந்த விதியையும் பார்ப்பதில்லை. அப்பா, அம்மா, அக்கா குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று வாங்குவதற்கு முன்பே நான் கூட்டிக் கழித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் விட்டேன், இருட்டின பிறகு கொடுத்தார்கள். வேலை நடக்கும்போது உள்ளே விடவில்லை. "இன்சூரன்ஸ் பிரச்சினை தம்பி, கஸ்டமர் வேலை நடக்கிற இடத்துக்குள்ள வரக்கூடாது." வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். வண்டி வெளியே வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு. ஆர்ச்சுக்குள் எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் பளபளவென்று சிவப்பாகத் தெரிந்தது.

மறுநாள் அவிநாசி ரோட்டில் எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. தொண்ணூறில் சீட்டே அதிர்ந்தது. கடைக்குப் போன் போட்டேன். "புது டயரு, செட்டாகணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். நடுக்கம் போகவில்லை. மறுபடி போனால் பேலன்சிங் செய்து 600 வாங்கினார்கள். இரண்டு நாள் சுமாராக இருந்தது, பிறகு பழைய கதை. அதற்குள் பின்பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. மேட்டில் ஏறி இறங்கும்போது மட்டும் கேட்கும்.

என் அப்பா பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டினவர். வண்டி விஷயத்தில் தலையிடவே மாட்டார். அன்றைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர், வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார்: "இது டயர் ஆட்டம் இல்ல கண்ணு, மையம் தப்புன ஆட்டம். சக்கரத்தக் கழட்டு."

கழற்ற ஆரம்பித்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. வீல் நட்டு தளர்ந்த பிறகு கையால் சுற்றினால் விறுவிறுவென்று வெளியே வர வேண்டும். இது வரவில்லை. ஸ்பேனரில் முழு பலம் போட்டுத் திருகினால் 'கிரீச்' என்று அரைத்துக்கொண்டு வந்தது. கூடவே இரும்புச் சுருள் உதிர்ந்தது. அப்பா உள்ளே போய்த் மரை இடைவெளியை அளக்கிற தன் பழைய பிட்ச் கேஜை எடுத்துவந்து போல்ட்டில் வைத்தார். 1.25. நட்டில் வைத்தார். 1.5. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இது சேராதுடா. ரெண்டு மூணு மரை போகும், அப்புறம் ஏர் கன்னை வெச்சு அறுத்து ஏத்தியிருக்கானுங்க."

இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுசூகி வண்டிகளின் வீல் போல்ட் எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் தடிமன், மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹூண்டாய், ஹோண்டா போன்றவற்றில் எம்12தான், ஆனால் 1.5. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நட்டும் ஒன்றுபோலவே இருக்கும். தப்பு நட்டைக் கையால் போட்டால் இரண்டு சுற்றில் நின்றுவிடும், தப்பு உடனே தெரிந்துவிடும். ஏர் கன்னில் போட்டால் நிற்காது, போல்ட்டின் மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். முறுக்கை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தாலும் முறுக்கு சரியாக இருப்பதுபோல் 'க்ளிக்' என்று சொல்லும். ஆனால் அந்த முறுக்கு வீலை இறுக்கவில்லை, அறுந்த மரையோடு சண்டை போடுகிறது. என் வண்டியில் பதினாறு போல்ட்டில் ஐந்து கெட்டுப்போயிருந்தன. அந்த நிலையில்தான் அதற்கு முந்தின வாரம் அக்கா குழந்தைகளை உட்காரவைத்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி ஏறி இறங்கியிருந்தேன். இதை எழுதும்போதுகூட வயிற்றைப் பிசைகிறது.

நடுக்கத்துக்குக் காரணமும் அன்றைக்கே கிடைத்தது. அப்பா வெர்னியரால் வீலின் நடு ஓட்டையை அளந்தார். 73.1 மில்லிமீட்டர். வீல் போய் உட்காருகிற ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1. வெளிக்கடை வீல்கள் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று ஓட்டையைப் பெரிசாக வைத்தே செய்கிறார்கள், அதில் குற்றமில்லை. அதற்காகத்தான் ஹப் ரிங் என்று ஒரு வளையம் வருகிறது. நாலு வளையம் சில நூறு ரூபாய். அது இருந்தால் வீல் ஹப்பில் மையமாக உட்காரும். இல்லாவிட்டால் கூம்பு நட்டுகள்தான் மையத்தைப் பிடிக்க வேண்டும், இங்கே நட்டே தப்பு. எண்பத்திரண்டாயிரம் வாங்கினவர் அந்த நாலு வளையத்தைப் போடவில்லை.

சரியான நட்டு வாங்கிவந்து, கெட்ட போல்ட்டுகளை மாற்றிய பிறகு, ஒரு அலைன்மென்ட் கடையில் லிஃப்ட்டில் ஏற்றச் சொன்னேன். பின்பக்கச் சத்தத்துக்காக. வண்டி மேலே போய்ச் சக்கரங்கள் தொங்கியதும் அங்கிருந்த மெக்கானிக் அண்ணா பின்பக்க ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து ஆட்டினார். ஆடியது. லேசாகத் திருப்பினார், திரும்பியது. "தம்பி, இது லோயரிங் ஸ்பிரிங் இல்ல. உங்க ஸ்பிரிங்தான். அறுத்திருக்காங்க."

இறக்கிக் காட்டினார். முனையில் கிரைண்டர் வெட்டு, அதைச் சுற்றிச் சூட்டில் நீலம் பாய்ந்த தழும்பு. சிவப்புப் பெயின்ட்டைத் தின்னரில் துடைத்தால் கீழே கம்பெனி போட்ட கலர் புள்ளி அப்படியே இருந்தது. முன்பக்கமும் அதே கதைதான். 24,000 ரூபாய் 'ஜெர்மன்' ஸ்பிரிங் என்பது என் வண்டியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கே.

ஸ்பிரிங்கை அறுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை எடுத்தால் அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்குச் செய்தது, அதனால் கட்டுப்படுத்த முடியாமல் வண்டி துள்ளும். அதைவிட மோசம் நீளம் குறைவது. ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அச்சுக்கும் பாடிக்கும் நடுவில் ஸ்பிரிங் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. மேட்டில் எழும்பிச் சக்கரம் முழுசாகக் கீழே தொங்கும் அந்த நொடியில் நீளம் குறைந்த ஸ்பிரிங் இடத்தைவிட்டு நழுவும், திரும்ப உட்காரும்போது 'டொக்'. ஒருநாள் அது உட்காராமல் வெளியே போனால்? முறையாகச் செய்த லோயரிங் ஸ்பிரிங்கில் முனை சீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி வளைத்திருக்கும், முழுசாகத் தொங்கினாலும் கழன்றுவராத நீளம் இருக்கும், கம்பியிலேயே பார்ட் நம்பர் அச்சடித்திருக்கும். என்னுடையதில் ஒரு எழுத்துகூட இல்லை.

லிஃப்ட்டில் இருக்கும்போதே டயரையும் பார்த்தோம். தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கத்தில் டயரில் இருக்கும், பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். 3820. 2020ஆம் வருஷம் முப்பத்தெட்டாவது வாரம். 'புது ஸ்டாக்' என்று 2025 ஜனவரியில் எனக்கு விற்ற டயர் அது. வீலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை, ஜப்பான் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல். எழுத்தும் இல்லை.

கடைக்குப் போனேன். அப்பாவும் வந்தார். ஓனர் முதலில் "பையன் மாத்திப் போட்டிருப்பான்" என்றார். அறுத்த ஸ்பிரிங்கை மேஜைமேல் வைத்ததும் குரல் மாறியது. "நீங்க வெளிய அறுத்துட்டு வந்து எங்க மேல பழி போடறீங்களா? பில் இருக்கா?" அப்பா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நட்டு மரை தப்புன்னு கன் புடிக்கிறப்பவே கைக்குத் தெரிஞ்சிருக்குமே, ஏன் நிறுத்தல?" அதற்குப் பதில் வரவில்லை. என் கம்பெனி வீலையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். வித்தாச்சாம். 15,500க்கு எடுத்த அதே செட்டு, நாலாம் நாளே 34,000க்கு ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். வலது முன் வீலில் நான் உரசிய கோடு படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

சர்வீஸ் சென்டரில் சஸ்பென்ஷனுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம், கம்பெனி ஸ்பிரிங்கை அறுத்தாகிவிட்டதே. நாலு ஸ்பிரிங்கும் புதிதாக வாங்கி மாட்டியது, போல்ட், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 31,000. செகண்ட்ஹேண்டில் 15 அங்குல கம்பெனி வீல் ஒரு செட் தனியாக வாங்கினேன். சட்டப் பக்கமும் அப்போதுதான் படித்தேன். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். கடை பதில் தரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. பில் இல்லையே என்று பயந்தேன். ஜிபே ரசீது, வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய விலை, லிஃப்ட்டில் எடுத்த படங்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். அறுத்த நாலு ஸ்பிரிங்கும் சாக்கில் கட்டி வீட்டில் இருக்கின்றன.

போடத்தான் போகிறீர்கள் என்றால், வண்டியை விடுவதற்கு முன் வீல் மையத்திலிருந்து ஆர்ச் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பார்ட் நம்பரைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங், பழைய வீல் எல்லாம் டிக்கியில் ஏற வேண்டும். விற்க வேண்டுமானால் நீங்களே விற்கலாம். பழைய ஸ்பிரிங் உங்கள் கையில் இருந்தாலே அறுக்கிற வேலை நடக்காது. அலைன்மென்ட் அளவு அச்சடித்த தாளைக் கேளுங்கள். வேலை நடக்கும்போது உள்ளே விடாத கடையில் வண்டியை விடாதீர்கள்.

ஏற்கெனவே போட்டவர்களுக்கு: வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு வீலில் ஒரே ஒரு நட்டை மட்டும் ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, அதே நட்டைக் கையால் சுற்றுங்கள். விரல் பலத்திலேயே கடைசி வரை வெளியே வர வேண்டும், திரும்ப உள்ளேயும் போக வேண்டும். பார்த்ததை இறுக்கிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இப்படிப் பதினாறும் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒன்று அரைத்தாலும், நடுவில் நின்றாலும், இரும்புத் தூள் உதிர்ந்தாலும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நட்டு சரியாக இருந்தால் அடுத்து லிஃப்ட்டில் ஏற்றிப் பின்பக்க ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் குடும்பத்தை அதில் ஏற்றாதீர்கள்.