ஸ்க்ரப் டைபஸ்: எந்த ரத்தப் பரிசோதனை, எந்த நாளில்?

விடாத காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, ரத்தக் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கின்றன. பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் ஸ்க்ரப் டைபஸ் என்ற சந்தேகம் வருகிறது. கூடவே, எந்தப் பரிசோதனைக்கு எழுதுவது என்ற குழப்பமும் வருகிறது. காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பேன். குழப்பத்தில் பாதி அந்தப் பதிலிலேயே தீர்ந்துவிடும்.

கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகை உண்ணியின் இளம்புழு கடிப்பதால் உடலுக்குள் நுழைகிறது இந்த நோயைத் தரும் ஒரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா. அது செல்களுக்குள்ளேதான் வாழும். வழக்கமான கல்ச்சர் பாட்டிலில் அது வளராததற்கு இதுவே காரணம். ஆகவே ஆய்வகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு: கிருமியின் மரபணுவைத் தேடலாம், அல்லது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடலாம். கிருமி ரத்தத்தில் தென்படுவது ஆரம்ப நாட்களில். ஆன்டிபாடி அளக்கும் அளவுக்குச் சேர்வது ஏறக்குறைய முதல் வாரம் முடியும்போது. இந்த இடைவெளியை மறந்துவிட்டுப் பரிசோதனைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

பழையது வெயில்–ஃபெலிக்ஸ். எட்மண்ட் வெயில், ஆர்தர் ஃபெலிக்ஸ் இருவரும் 1916இல் விவரித்த முறை. இது ஒரியன்ஷியாவை நேரடியாகத் தொடுவதே இல்லை. நோயாளியின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைத் திரளச் செய்கிறதா என்று பார்க்கிறது. ஸ்க்ரப் டைபஸில் ஓஎக்ஸ்கே என்ற வகை திரளும். கருவி வேண்டாம், செலவு குறைவு, கண்ணாலேயே முடிவைப் படிக்கலாம். ஆனால் நோய் இருந்தும் திரளாமல் போகிறவர்கள் ஏராளம். புரோட்டியஸ் சிறுநீர்த் தொற்று போன்றவற்றால் நோய் இல்லாமலே திரள்வதும் உண்டு. வேறு வழியே இல்லாத இடத்தில் டைட்டர், அதாவது சீரத்தை எவ்வளவு நீர்த்தாலும் திரளச் செய்கிறது என்ற அளவு, நன்றாக உயர்ந்திருந்தால் அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 'நெகட்டிவ்' என்று வந்தால் அந்தத் தாளுக்கு எந்த மதிப்பும் கொடுக்கக் கூடாது.

அன்றாட மருத்துவத்துக்கு என் தேர்வு ஐஜிஎம் எலைசாதான். ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகையை நிறமாற்றத்தால் கண்டறியும் முறை இது. ஒரியன்ஷியாவின் 56 கிலோடால்டன் எடையுள்ள புரதத்தையே பெரும்பாலான கிட்கள் பயன்படுத்துகின்றன. நிறத்தின் அடர்த்தியைக் கருவி எண்ணாகத் தருகிறது, படிப்பவரின் கண்ணை நம்ப வேண்டியதில்லை. குறைகளும் உண்டு. 96 குழிகள் கொண்ட தட்டை ஒரே ஒரு மாதிரிக்காகத் திறக்க ஆய்வகங்கள் தயங்கும். மாதிரிகள் சேரும்வரை முடிவு தள்ளிப்போகும். எத்தனை அடர்த்திக்கு மேல் பாசிட்டிவ் என்ற எல்லையும் எங்கும் ஒன்றல்ல. நோய் பரவலாக உள்ள பகுதிகளில் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலேயே ஓரளவு எதிர்வினை இருக்கும் என்பதால், அந்தந்தப் பகுதிக்கு எல்லையை வகுக்க வேண்டியிருக்கிறது. ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. எல்லையை ஒட்டி வந்த பாசிட்டிவ் பழைய தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் நெகட்டிவ் வந்தால், சில நாள் கழித்து இன்னொரு முறை எடுப்பதே நியாயம்.

அட்டை வடிவ விரைவுப் பரிசோதனையும் ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. கால் மணி நேரம் சுமாரில் கோடு தெரிந்துவிடும். ஆய்வகம் தொலைவில் உள்ள இடங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கிட்டுக்குக் கிட் தரம் மாறுகிறது. மங்கலான கோட்டை ஒருவர் பாசிட்டிவ் என்பார், அடுத்தவர் இல்லை என்பார். எலைசா கிடைக்கும் இடத்தில் அதற்குப் பதிலாக இதை நான் எழுதமாட்டேன்.

ஆன்டிபாடியை ஒளிரும் சாயத்தால் காட்டும் ஐஎஃப்ஏ முறையைத்தான் நெடுங்காலமாக உரைகல்லாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு ரத்த மாதிரிகளில் ஆன்டிபாடியின் அளவு நான்கு மடங்கு உயர்ந்தால் நோய் உறுதி. அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், அல்லது நிலைமை கைமீறியிருக்கும். ஆய்வுக்கு நல்லது, படுக்கையில் கிடப்பவருக்கு அல்ல.

முதல் வாரத்தில், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆருக்கு இணை இல்லை. ஆனால் ரத்தத்தில் கிருமி குறைவாகவே சுற்றுவதால், ரத்த பிசிஆர் நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்றாகிவிடாது. உண்ணி கடித்த இடத்தில் உருவாகும் கருத்த பொருக்கு இருந்தால் கதையே மாறும். சிகரெட்டால் சுட்டதுபோல், சுற்றிலும் சிவந்து, வலியோ அரிப்போ இல்லாமல் இருக்கும் அது. வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்புத்துணி இறுகும் இடம், காதுக்குப் பின்புறம் என்று ஆடையை விலக்கித் தேடினால்தான் அகப்படும். எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் இருந்தால், அந்தப் பொருக்கிலிருந்து எடுத்த மாதிரியில் செய்யும் பிசிஆர் ரத்தத்தில் செய்வதைவிட நம்பகமானது. ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகும் பல நேரங்களில் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். விலை உயர்ந்த பரிசோதனைகளுக்கு அலைகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத் தேடலைத் தவிர்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆய்வகப் படிவத்தில் காய்ச்சலின் நாள், ஏற்கெனவே கொடுத்த மருந்து இரண்டையும் எழுதி அனுப்புங்கள். அவை இல்லாமல் வரும் முடிவைச் சரியாகப் படிக்க முடியாது.

இவற்றில் எதற்காகவும் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வருமுன்பே மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுவதே முறை. நோய் முற்றாதவர்களுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்காவிட்டால், கையில் பாசிட்டிவ் தாள் இருந்தாலும், வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று மறுபடி தேட வேண்டும்.