பிசிஎல் 5-ல் சொந்த நிரப்பு வடிவம்: எட்டு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

லேசர் பிரிண்டருக்கு நேரடியாக பிசிஎல் (ஹெச்பி உருவாக்கிய பிரிண்டர் கட்டளை மொழி) கட்டளை அனுப்பிப் படிவம் அச்சடிக்கும் ஒரு நிரலை எட்டு வருடமாகப் பராமரிக்கிறேன். கட்டங்களின் பின்னணிக்கு முதலில் பிரிண்டரிலேயே இருக்கும் சாம்பல் நிழலைத்தான் போட்டேன். தாளை நகல் எடுத்தால் அது திட்டுத்திட்டாகி எழுத்தை விழுங்கியது. கூடவே வரும் ஆறு கோட்டு வடிவங்களும் எனக்கு ஒத்துவரவில்லை. அப்புறம்தான் புள்ளிகளை நானே வரையறுக்கும் சொந்த வடிவத்துக்கு மாறினேன்.

எஸ்கேப் (கட்டளையைத் தொடங்கும் குறியீடு, மதிப்பு 27), நட்சத்திரக்குறி, சி, ஒரு எண், ஜி: இது வடிவத்துக்கு அடையாள எண் கொடுக்கிறது, 0 முதல் 32767 வரை. அடுத்து அதே சி வரிசையில் டபிள்யூ கட்டளை, அதற்கு முன்னால் பைட் எண்ணிக்கை. வடிவத்தின் அளவைச் சொல்லும் தலைப்பின் (ஹெடர்) 8 பைட்டும் இந்தக் கணக்கில் சேரும், அதனால் 8க்கு 8 புள்ளி வடிவத்துக்கு 16 என்று போட வேண்டும். உயரமும் அகலமும் இரண்டிரண்டு பைட், பெரிய பைட் முதலில். நான் மாற்றி எழுதியதில் 8 என்ற உயரம் 2048 ஆகிவிட்டது. அகலம் 12 புள்ளி என்றாலும் ஒவ்வொரு வரிக்கும் முழுசாக 2 பைட் அனுப்பியாக வேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது வேறு. சாய்கோட்டு வடிவம் ஒன்றில் ஒரு வரியின் மதிப்பு 10. கோப்பை எழுத்து முறையில் (டெக்ஸ்ட் மோட்) திறந்திருந்தேன், 10 என்பது வரி முடிவு என்று அது தானாக முன்னால் ஒரு 13-ஐச் செருகிவிட்டது. கோடுகள் குலைந்தன, மிஞ்சிய கடைசி பைட் எழுத்து என்று எடுத்துக்கொள்ளப்பட்டுத் தாளில் அச்சானது. இரண்டு நாள் தேடினேன். பைனரி முறையில் மட்டும் எழுதுங்கள்.

சரி, நிரப்புவதற்கு வருவோம். கட்டத்தின் அகலம் ஏ, உயரம் பி, அடையாள எண் ஜி, கடைசியில் 4 பி (நிரப்பும் கட்டளையின் பி ஆங்கில P, உயரத்தின் பி ஆங்கில B). எல்லாவற்றையும் ஒரே எஸ்கேப்பில் கோர்க்கலாம், கடைசி எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருந்தால் போதும். வடிவம் கட்டத்தின் மூலையிலிருந்து தொடங்குவதில்லை, பக்கத்தின் மேல் இடது மூலையிலிருந்து ஓடுகள் மாதிரி விரிகிறது, நம் கட்டம் அதில் ஒரு ஜன்னல் மட்டுமே. அதனால் ஓரத்தில் புள்ளிகள் பாதியில் வெட்டுப்பட்டன. எஸ்கேப், நட்சத்திரக்குறி, பி (P), 0, ஆர் கொடுத்தால் கர்சர் நிற்கும் இடமே தொடக்கமாகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அப்படிக் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டியிருக்கும் கட்டங்களுக்கு நடுவே தையல் தெரிந்தது. இப்போது அட்டவணைக்கு ஒரே தடவைதான்.

அதே சி வரிசையில் 5 கியூ கொடுத்து வடிவத்தை நிரந்தரமாக்கினால் ரீசெட்டுக்குப் பிறகும் இருக்கும், மின்சாரம் போனால் போய்விடும். நான் அதை விட்டுவிட்டேன். அனுப்புவதே 16 பைட்தான், நிரந்தரமாக வைத்தால் அதே எண்ணில் பழைய வடிவம் எட்டிப் பார்க்கிறது.

8 பைட் தலைப்புள்ள வடிவம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில்தான் எடுத்துக்கொள்ளப்படும், அதனால் 600-க்கு மாறியபோதும் புள்ளி அதே அளவில் வந்தது. இப்போது எல்லாப் படிவத்திலும் ஒரே வடிவம்தான்: முதல் வரி 128, ஐந்தாவது வரி 8, மற்ற ஆறும் 0. நகல் எடுத்தாலும் மேலே உள்ள சின்ன எழுத்து தெளிவாகப் படிக்க முடிகிறது.